பழைய ஜீப்பின் முன்சில்லும் வருடாந்தப் புகைச் சான்றிதழும்

இலங்கையில் ஒரு ஜீப் எவ்வளவு புகை கக்குகிறது என்று வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறார்கள். அதன் முன்சில்லு பிடித்துக்கொண்டு நிற்குமா, கழன்று ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை. புகைப் பரிசோதனை 2008இல் வந்தது. குழாயின் வாயில் கருவியை வைத்து, எஞ்சினை முறுக்கி, தாளில் இலக்கத்தை அச்சடித்துத் தருவார்கள். அந்தத் தாளையும் காப்புறுதிப் பத்திரத்தையும் காட்டினால் வருமான அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிடும். பஸ்ஸுக்கும் வாடகை லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. காராகப் பதிவாகிய சொந்தப் பாவனை ஜீப்புக்கு அதுவும் வேண்டியதில்லை. 40 வருடம் ஓடிய வாகனமும் போன மாதம் கப்பலில் இறங்கிய வாகனமும் இந்த விடயத்தில் ஒன்றுதான்.

இது ஏன் பாசிக்குடாப் பக்கத்தில் இருந்து எழ வேண்டிய கேள்வி என்று வாழைச்சேனையில் இருந்து கல்குடா வீதியில் ஒரு தடவை போய்வந்தவர்கள் கேட்கமாட்டார்கள். ஹோட்டல்களுக்கு விருந்தினரை ஏற்றிப் போகும் குளிரூட்டிய வான்களுக்கு நடுவே, ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றிய ஹைலக்ஸ் போகிறது. கன்வஸ் கூரை போட்ட மிட்சுபிஷி ஜீப் போகிறது. ‘ஸ்ரீ’ எழுத்துப் போட்ட இலக்கத் தகட்டுடன் ஒரு லேண்ட் ரோவரும் இடைக்கிடை கண்ணில் படும். (அந்த ஓர் எழுத்துக்காக 1958இல் போராட்டமும் கலவரமுமாக இந்த நாடு பட்ட பாட்டை நினைத்தால், இன்று அது வெறும் பழைய தகடாகத் துருப்பிடித்துத் தொங்குவது வேடிக்கைதான்.) இவற்றில் எதுவும் காட்சிக்கு வைத்த வாகனமல்ல. மீனும் நெல்லும் பாலும் ஏற்றுகிற வாகனங்கள்.

இந்த வாகனங்களின் முன்பக்கத்தில் போல் ஜொயின்ட் என்ற சாமான் இருக்கிறது. மனிதனின் தோள்மூட்டைப் போல, ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த உருண்டை. சில்லு மேலும் கீழும் ஏறி இறங்கவேண்டும், அதேநேரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே புள்ளியில் நடத்திக் கொடுப்பது இந்த உருண்டைதான். கிண்ணத்துக்குள் கிறீஸ் இருக்கும், வெளியே ஒரு றபர் உறை மூடியிருக்கும். உறை நல்லபடி இருக்கும்வரை ஜொயின்ட் வருடக்கணக்கில் உழைக்கும். உறை கிழிந்த நாளிலிருந்து அதற்கு நாள் எண்ணலாம்.

எல்லாப் பழைய ஃபோர் வீல் வாகனத்திலும் இது ஒரே இடத்தில் இருப்பதில்லை. 1948இல் அறிமுகமாகிய லேண்ட் ரோவரின் பழைய வரிசைகளில் சில்லைத் தாங்குவது வேறு அமைப்பு. குரோமியம் பூசிய பெரிய உருண்டையும் அதற்குள் மேலும் கீழும் நிற்கும் பின்களும் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே போல் ஜொயின்ட்டுகள் இருப்பது ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் தண்டுகளின் முனைகளில், மொத்தம் 6. வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்று 1953இல் கட்டத் தொடங்கி 1998 வரை விடாமல் செய்துவந்த மிட்சுபிஷியின் ஜீப்பும் ஏறக்குறைய அதே பரம்பரை. 1947இல் பம்பாயில் மஹிந்திரா பொருத்தத் தொடங்கிய ஜீப்பும் அப்படியே. ஆனால் 1982இல் பஜரோ வந்தபோது கதை மாறியது. இரண்டு முன்சில்லும் தனித்தனியே அசையும் அமைப்பில், ஒவ்வொரு சில்லையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போல் ஜொயின்ட்டுகள் பிடித்திருக்கின்றன. கார்களில் இது அதற்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் 1952இல் லிங்கன் காரிலும் 1954இல் தன் சாதாரண கார்களிலும் சில்லு திரும்பும் அச்சாக இருந்த பழைய கிங் பின்னைக் கைவிட்டு இதற்கு மாறியது.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லவேண்டும்? தேய்ந்துபோனால் வரும் ஆபத்தும் அதற்கேற்ப வேறு என்பதால்தான். ஸ்டியரிங் தண்டின் முனை கழன்றால் சாரதி வளையத்தைத் திருப்புவார், சில்லு தன்பாட்டில் போகும். பாரம் தாங்கும் போல் ஜொயின்ட் கழன்றால் அந்தப் பக்கச் சில்லு மட்கார்டுக்கு அடியில் மடிந்து விழும், வாகனம் மூக்கைத் தரையில் குத்தும். முதலாவது நடந்தால் திசை போகும். இரண்டாவது நடந்தால் திசையோடு பிரேக் குழாயும் பிய்ந்து போகலாம்.

இது பழைய சாமானுக்கு மட்டும் வரும் வியாதியென்றும் நினைக்க வேண்டாம். 2005இல் டொயோட்டா நிறுவனம் கீழ் போல் ஜொயின்ட்டில் வந்த உற்பத்திக் குறையால் ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப், ஜீப் வகை வாகனங்களைத் திரும்ப அழைத்தது. தயாரிக்கும்போது உருண்டையின் மேல் விழுந்த சிறு கீறல்தான் காரணம். மேற்பரப்பு கரடானால் உருண்டை கிண்ணத்தைத் தின்னத் தொடங்கும், ஆட்டம் கூடும், கடைசியில் பிரியும். தொழிற்சாலையில் விழுந்த ஒரு கீறலுக்கே இந்தப் பாடு. பாசிக்குடா மணல் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம்.

இங்கே மணல் மட்டும் போவதில்லை. கடற்கரையில் படகை ஏற்றி இறக்கும் வாகனத்தின் முன்சில்லு உப்புநீரில் நனைகிறது. வீட்டுக்கு வந்தபின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவும் வழக்கம் எல்லோருக்கும் இல்லை. வயல்பக்கமான படுவான்கரைக்குப் போகிற வாகனங்களுக்கு வேறு சோதனை. மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும். உழவு இயந்திரமும் உயரமான ஜீப்புமே அந்த நேரத்தில் வழி. அச்சுவரை தண்ணீரில் ஓடிய வாகனத்தின் கிழிந்த உறைக்குள் சேறு போய் உட்காரும். வெயில் அடித்ததும் காய்ந்து அரத்தூளாகும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பு மாவட்டம் மறந்திருக்காது. அதுபோன்ற பெருவெள்ளம் வேண்டுமென்றில்லை, சாதாரண மாரியே போதும்.

சோதிப்பது கஷ்டமான வேலையா என்றால், அதுதான் இல்லை. கராஜ்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “போன கிழமைதான் அலைன்மென்ட் செய்தது, மறுகாவும் ஒரு பக்கம் இழுக்குது அண்ணன்.” “அலைன்மென்ட விடுங்க தம்பி, முதல்ல சில்லத் தூக்கிப் பாப்பம்.” முன்சில்லைத் தரையிலிருந்து தூக்குவார்கள். மேலும் கீழும் கையை வைத்து ஆட்டுவார்கள். ‘டொக்’ என்ற சத்தத்தோடு ஆடினால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்வார்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் சில்லுப் பெயரிங்கில் இருக்கிறது, பிடித்த பிறகும் ஆடினால் போல் ஜொயின்ட்டில். பிறகு டயருக்கு அடியில் அலவாங்கைக் கொடுத்து மெல்ல நெம்பி, உருண்டை கிண்ணத்துக்குள் எழும்பி விழுகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டியரிங் தண்டுகளுக்குத் தூக்கவே வேண்டாம். சில்லு தரையில் நிற்க, ஒருவர் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு முனையிலும் விரலை வைத்துப் பார்த்தால் போதும். தேய்ந்த ஜொயின்ட் விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நுட்பம் மட்டும் இருக்கிறது. சில்லைப் பிடிக்கும் மேல், கீழ் இரும்புக் கைகளில் எதில் ஸ்பிரிங்கின் பாரம் இறங்குகிறதோ அதைப் பொறுத்து ஜக்கு வைக்கும் இடம் மாறவேண்டும். பிழையான இடத்தில் வைத்தால் ஸ்பிரிங்கே ஜொயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தேய்ந்ததையும் நல்லதாகக் காட்டும். நல்ல மெக்கானிக்கையும் சும்மா ஸ்பானர் பிடிக்கிறவரையும் பிரித்தறிய இந்த ஓர் இடமே போதும் என்று சொல்லலாம்.

மாற்றுவதும் அப்படித்தான், பலத்தைவிடப் பழக்கம் கேட்கும் வேலை. ஸ்டியரிங் தண்டின் முனையை எடுத்துக்கொள்வோம். முதலில் ஸ்பிளிட் பின்னை இழுத்து, நட்டைக் கழற்றவேண்டும். கூம்பு வடிவத் தண்டு தன் துளைக்குள் வருடக்கணக்கில் இறுகியிருக்கும். முனையில் சுத்தியலால் அடித்தால் மரை நசியுமே தவிர அசையாது. துளையிருக்கும் கையின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, மறுபக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓர் அடி, இரண்டு அடி. துளை ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். முனையைத் தண்டிலிருந்து திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளவேண்டும். இரண்டு முனைகளில் ஒன்றுக்கு இடதுமரை, மற்றதற்கு வலதுமரை. நடுத்தண்டைச் சுற்றினாலே நீளம் கூடிக் குறைவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். புதிய முனையை அதே சுற்றுக்கு ஏற்றி, நட்டை இறுக்கி, துளைகள் நேருக்கு நேர் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கவேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் புதியதாக இருக்கவேண்டும். கடைசியில் சில்லுகளின் கோணம் பார்க்கவேண்டும். பழைய லேண்ட் ரோவரின் முன்சில்லுகள் முன்புறம் 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர்வரை உள்நோக்கி இருக்கவேண்டும். பட்டறையில் இரண்டு நேர்ப்பலகையும் ஒரு அளவுநாடாவும் இருந்தால் இதைப் பார்த்துவிடலாம்.

பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்ப நிமிர்த்திப் போடுவது, பின் கிடைக்காதபோது கட்டுக்கம்பியை முறுக்கி விடுவது எல்லாம் நம் பட்டறைகளில் நடப்பதுதான். ஒரு நட்டு கழலாமல் காக்க இருக்கும் ஒரே சாமான் அது. மிச்சம் பிடிக்க இதைவிட மோசமான இடம் வாகனத்தில் இருக்க முடியாது.

உதிரிப்பாகம்தான் பெரிய தலையிடி. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வாசல் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ 5 வருடம் நாட்டுக்குள் இருந்ததை வைத்தே ஓட்டினோம். வரி சேர்ந்த புதிய விலையைப் பார்த்தபின் படுவான்கரை விவசாயி தன் பழைய ஜீப்பை விற்கப் போவதில்லை. அதைத் திருத்துவார். திருத்துவதற்குச் சாமான் தேடிப் போனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வாழைச்சேனைவரை மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, புதிய சாமான். ‘555’ முத்திரை போட்ட ஜப்பான் போல் ஜொயின்ட் என்றால் நம்பிக்கை, ஆனால் அந்த நம்பிக்கையை வைத்தே போலியும் விற்கிறார்கள். இரண்டாவது, உடைத்த வாகனத்தில் கழற்றிய பழைய சாமான். அது எத்தனை மைல் ஓடியது என்பது கழற்றியவருக்கும் தெரியாது. மூன்றாவது, லேத்தில் கொடுத்துப் பழைய ஜொயின்ட்டை அறுத்துத் திறந்து, உள்ளே நைலோன் புஷ் கடைந்து வைத்து, வாயை மூடி வெல்டிங் அடிப்பது.

இந்த மூன்றாவது வழியைப் பற்றித்தான் மனம் திறந்து பேசவேண்டியிருக்கிறது. லேத் பட்டறைக்காரரின் கைத்திறமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கிடைக்காத சாமானைக் கடைந்தெடுத்து எத்தனையோ எஞ்சினுக்கு அவர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். கியூபாவில் அமெரிக்கத் தடைக்குப் பிறகு 1950களின் கார்கள் இன்றுவரை தெருவில் ஓடுவது இப்படிப்பட்ட கைகளால்தான். மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங் என்ற மலையூரில், சந்தக்பூ மலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல 1950களின் லேண்ட் ரோவர்களைச் சங்கம் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், பலவற்றில் மஹிந்திரா டீசல் எஞ்சினைப் பொருத்தி. எஞ்சின் மாற்றலாம், கூரை மாற்றலாம், இருக்கை மாற்றலாம். கடைந்த பிஸ்டன் பிழைத்தால் வாகனம் வழியில் நிற்கும், அவ்வளவுதான். பாரம் தாங்கும் போல் ஜொயின்ட்டின் வாயைத் திறந்து மூடினால் சூடு உருக்கின் பதத்தைக் கெடுக்கும். வெல்டிங் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. அது பிழைத்தால் வாகனம் நிற்காது, கவிழும். எதைக் கடையலாம், எதைக் கடையக் கூடாது என்ற கோடு இங்கேதான் கிடக்கிறது.

இதில் இன்னொரு முரண். இந்த வாகனங்களில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்து வந்தவை. அங்கே ஷாக்கென் என்ற கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. புதிய காருக்கு 3 வருடத்தில், பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை. போல் ஜொயின்ட்டின் றபர் உறையில் கிழிசல் இருந்தாலே அந்தப் பரிசோதனையில் தேறாது. ஆட்டம் வரும்வரை காத்திருப்பதில்லை. அந்தக் கண்டிப்பில் வளர்ந்த வாகனம் அம்பாந்தோட்டையில் கப்பலை விட்டு இறங்கியதும், அதன் உறையைப் பார்க்கச் சட்டப்படி ஒருவருமில்லாத நாட்டுக்கு வந்துசேர்கிறது. பக்கத்துத் தமிழ்நாட்டில்கூட சொந்தக் காரின் பதிவு 15 வருடத்தோடு முடியும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாகனத்தைக் காட்டித் தகுதி பெற்றால் மேலும் 5 வருடம். பிரித்தானியாவில் 3 வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் பரிசோதனை, அதில் போல் ஜொயின்ட் ஆட்டமும் அடக்கம். 2018 மேயிலிருந்து 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வாகனங்களுக்கு அங்கே விலக்கு உண்டு. வார இறுதியில் மட்டும் துடைத்து வெளியே எடுக்கும் வாகனங்களுக்கு அந்தச் சலுகை சரி. நெல்மூட்டை ஏற்றும் நம் ஊர் ஜீப்புக்கு அதையே காட்டி வாதாட முடியாது.

கட்டாயப் பரிசோதனை என்றதும் இங்கே இரண்டு முணுமுணுப்பு எழும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஒன்று, இன்னொரு தாள், இன்னொரு வரிசை, மேசைக்கு அடியில் இன்னொரு கை. மற்றது, ஏழையின் பழைய வாகனத்தை வீதியிலிருந்து அகற்றுவதற்கு இது சாக்காகிவிடும் என்ற பயம். கொழும்பில் இருந்து பெரிய இயந்திரமும் குத்தகைக் கம்பனியும் வந்து இறங்கினால் இரண்டும் நடக்கும், சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்ன சோதனைக்கு வேண்டியது ஒரு ஜக்கு, ஒரு அலவாங்கு, இரண்டு ஆட்கள். அதை ஊர்க் கராஜிலேயே செய்யலாம்.

செய்பவருக்கு அங்கீகாரம் வேண்டும், அதற்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழான என்.வி.கியூ. மோட்டார் மெக்கானிக் துறையிலும் உண்டு. வகுப்பில் உட்காராமல் பட்டறையில் பழகியே தொழில் கற்றவர்கள், தம் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டில் தேறி அதைப் பெறும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. வாழைச்சேனை, ஓட்டமாவடி, செங்கலடிப் பட்டறைகளில் தலை நரைத்த மெக்கானிக்குகளை இந்த வழியில் கொண்டுவந்து, 3ஆம் 4ஆம் மட்டச் சான்றிதழ் உள்ளவர் கையெழுத்திட்டால் செல்லும் என்று வைக்கலாம். ஒரே பக்கத் தாள் போதும். றபர் உறைகள், மேல் கீழ் ஜொயின்ட்டுகள், ஸ்டியரிங் முனைகள், ஸ்பிளிட் பின்கள். கிழிந்த உறைக்கு ஒரு மாத அவகாசம் கொடுக்கலாம். ஆடும் ஜொயின்ட்டுக்கு அவகாசம் கொடுக்கக் கூடாது. பொய்க் கையெழுத்துப் போட்டவரின் அங்கீகாரம் போகவேண்டும். சோதித்த கராஜிலேயே திருத்தவேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் நல்ல ஜொயின்ட்டும் ஆடத் தொடங்கிவிடும்.

எந்த வயது வாகனத்துக்கு என்றால், பதிவாகி 15 வருடம் கடந்தவற்றோடு தொடங்கலாம். எங்கே என்றால், பாசிக்குடாவும் கல்குடாவும் அடங்கிய கோறளைப்பற்றுப் பிரதேச செயலகம் ஒரு வருடம் பரீட்சித்துப் பார்க்க நல்ல இடம். கடலும் வயலும் வெள்ளமும் ஒரே எல்லைக்குள் இருக்கின்றன. காலம் பற்றியும் ஒரு யோசனை: அனுமதிப்பத்திரம் எந்த மாதம் முடிந்தாலும், இந்தச் சோதனையை மாரி வெள்ளம் வடிந்த பின் தை, மாசியில் வைத்துக்கொள்வது பலன் தரும். உறைக்குள் சேறு போயிருந்தால் அப்போதுதான் கழுவி, கிறீஸ் அடித்து, ஜொயின்ட் தேய்வதற்கு முன்பே உறையை மட்டும் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். உறையின் விலை ஜொயின்ட்டின் விலையில் சிறு பங்குதான்.